கேமராவுக்கு ஒரு நல்ல பிடி

கடைக்குப் போய்விட்டு வந்தபோது கேமரா நிமிர்ந்து நின்றது.

பையைக் கீழே வைக்காமலே அவள் பார்த்தாள். கிளிப் உடைந்ததிலிருந்து அது மானிட்டர் மேல் ஒழுங்காக உட்கார்ந்ததே இல்லை. ஒட்டும் டேப், ரப்பர் பேண்ட், அடுக்கிய புத்தகங்கள் எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. பேச்சுக்கு நடுவில் மெல்லத் தலை கவிழ்ந்து அவள் மடியைக் காட்டும். வேறு யாருக்கும் அது சின்னத் தொல்லை. அவளோ சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரியில் டாக்டரோடு பேசும்போது, இந்த மேஜையிலிருந்து அவள் கைகள்தான் இடையில் நிற்கும். கைகள் படத்தைவிட்டு நழுவினால் அவர்களுக்கு உலகமே அடைபட்டுப்போகும். கேமராவைச் சரிசெய்யக் கையை நீட்டினாலும் அந்த நேரத்துக்குப் பேச்சு நின்றுவிடும்.

"அக்கா, இது கேமராவா, கல்யாண வீட்டுல தூங்கி வழியற மாமாவா? நிமித்த நிமித்த சாயுதே! நானே ஒரு ஸ்டாண்ட் வாங்கிட்டு வந்து மாட்டித் தரேன், விடு" என்று நேற்றுத்தான் தம்பி சொல்லிவிட்டுப் போயிருந்தான். மாற்றுச் சாவி அவனிடம் உண்டு. சொன்னதைச் செய்துவிட்டானே என்று அவள் மனம் குளிர்ந்தது.

மேஜைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி; வயர்களும் தூசியும் கிடக்கும் இருட்டு. அங்கிருந்து ஒரு தண்டு எழும்பி, மானிட்டரைத் தாண்டி வளைந்து, கேமராவைக் கவ்வியிருந்தது. உயரம் கச்சிதம். முகம், தோள், இரண்டு கைகள், எல்லாம் படத்துக்குள் அடங்கின.

ஆனால் நாற்றம். நாள்பட்ட காயத்தின் கட்டைப் பிரிக்கும்போது எழுமே, சீழும் வியர்வையும் ஈரத்துணியும் கலந்த வாடை, அது தண்டைச் சுற்றி நின்றது. தொட்டால் இளஞ்சூடு, விரலில் மெல்லிய பிசுபிசுப்பு. பழைய சாமான் கடையில் வாங்கியிருப்பான், பாவம், அவனிடம் என்ன கொட்டியா கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டு, துணியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தாள். கேமராவைப் பற்றியிருந்த கவ்விகளின் நுனியில் மஞ்சள் பாரித்த வில்லைகள் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் கறுப்பு அழுக்கு. ஊசியால் சுரண்டினாள், பசைபோல் சுருண்டு வந்தது. ஈரத்துணி பட்ட இடத்தில் தண்டின் ரப்பர் உறை பொடிப்பொடியாகப் புடைத்தது. அதில் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தது.

உதவியை முகம் சுளித்து வாங்கக் கூடாது என்பது அவள் நம்பிக்கை. அன்பு அழுக்குத் துணியில் பொதிந்து வந்தாலும் அன்புதானே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, 'ஸ்டாண்ட் நல்லா நிக்குதுடா, ரொம்ப நன்றி' என்று தம்பிக்குச் செய்தி அனுப்பினாள். கழுவிய பிறகும் விரல்கள் நாறின.

பொழுது சாயும் நேரத்தில் அழைப்பு வந்தது. அவசரப் பிரிவு. திரையில் ஒரு தாய், தோளில் துவண்ட சிறுவன். பக்கத்தில் டாக்டரின் குரல் மட்டும்.

அவள் தாயின் கைகளைப் படித்துக் குரலாக்கினாள். சைகை காட்டுபவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். அதுதான் தொழில் முறை. "என் பையனுக்கு மூச்சு வாங்குது டாக்டர். காலைலேர்ந்து எதுவும் இறங்கல."

"ஊசி எடுத்தாச்சு. இந்த மருந்து இவனுக்கு முன்னாடி ஒத்துக்காம போயிருக்கான்னு கேளுங்கம்மா. சீக்கிரம்."

கைகளை உயர்த்தினாள். மணிக்கட்டில் சொட்டென்று ஏதோ விழுந்தது. வெதுவெதுப்பாக, கோழைபோலக் கொழகொழவென்று முழங்கை நோக்கி வழிந்தது. துடைக்க முடியாது. துடைத்தால் கேள்வி அறுந்துவிடும்.

மேஜையில் செல்போன் ஒளிர்ந்தது. தம்பி.

'எந்த ஸ்டாண்டுக்கா? நான் இன்னும் கடைக்கே போகலையே.'

திரையில் அவள் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. கேமரா குனிகிறது. அருகே வருகிறது. கைகள் படத்திலிருந்து வெளியே போயின. தாய் பதறிச் சைகை காட்டினாள்: 'உங்க கை தெரியல. என்ன கேக்கறாங்க?'

கவ்விகள் அசைந்தன. மடங்கி, நீண்டு, மறுபடி பற்றின. கவ்விகள் அல்ல. விரல்கள். ஒரு கைக்கு இருக்க வேண்டியதைவிட அதிகமான விரல்கள்.

எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் அங்கே ஊசி தயாராக இருக்கிறது.

"கொஞ்சம் பின்னாடி போங்க," என்றாள். "தயவுசெஞ்சு."

"யாரை? என்னையா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். கேமரா."

அது சொன்னபடி கேட்டது. மெதுவாகப் பின்வாங்கியது. பழைய உயரம். அசையாமல் நின்றது.

கேள்வியைக் கைகளால் கேட்டாள். தாயின் கைகள் பறந்தன. அதைக் குரலாக்கி அவள் கத்தினாள்: "போடாதீங்க! போன தடவை இதே ஊசியில என் பையன் நீலம் பாரிச்சுட்டான். போடாதீங்க!"

"நல்ல வேளை கேட்டோம். சிஸ்டர், அதை வைங்க, வேற மருந்து எடுங்க."

சிகிச்சை முடியும்வரை உட்கார்ந்திருந்தாள். சிறுவன் கண் திறந்தான். தாய் அழுதபடி கைகூப்பினாள். கடவுளே, பிள்ளை பிழைத்தான். அது போதும்.

அழைப்பு அறுந்தது. கேமராவின் படம் மட்டும் திரையில் மிச்சம்.

படம் நகர்ந்தது. கேமரா திரும்பியது. அவளை விட்டு. சுவர். இடைவெளி. கீழே.

அந்த ஒரு சாண் இருட்டில் வெளிறிய சதை மடிப்பு மடிப்பாகத் திணிந்திருந்தது. ஈரமாக. தலை இல்லை. வாய் இல்லை. கைகள் மட்டும், ஒன்றன்மேல் ஒன்றாக, வேர்களைப்போலப் பின்னிக்கொண்டு. எல்லா விரல்களும் அசைந்தன. தடுமாறி, திருத்தி, மறுபடி. இத்தனை நாள் இந்த மேஜைக்குப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்துக் கற்ற சைகை. எல்லாக் கைகளும் ஒரே சைகை.

அவளுக்குப் புரிந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. கைகள் பேசினால் அவள் வாய் திறந்துவிடும். அத்தனை வருடப் பழக்கம்.

"எனக்குப் பசிக்குது," என்றாள், ஆளில்லாத அறையில், தெளிவான குரலில். "எனக்குப் பசிக்குது. எனக்குப் பசிக்குது."