வாசற்படியில் வைத்த கஞ்சி

தேநீர்க் கோப்பை மேசைமீது மோதிய ஓசை, சமையற்கூடத்தின் நாணல் தட்டியைத் தாண்டி முவேனியின் காதில் விழுந்தது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கம்பங்கஞ்சியை அவள் கிளறுவதை நிறுத்தவில்லை.

"இன்னிக்கும் வரலையா அவங்க? மருமகன் வாங்கிக் கொடுக்கிற சாப்பாடு தொண்டையில இறங்காதோ! சமையக்காரப் பொம்பளைங்களோட குந்தித் தின்னாத்தான் இறங்குமோ!"

அது மகள் வயூவாவின் குரல். அதைத் தொடர்ந்து சம்பந்தி சியோக்காவு பேசினாள்.

"விடும்மா, காலங்காத்தால எதுக்குக் கத்துற? நம்ம மூச்சுக்காத்து பட்டாலே அவங்களுக்கு ஆகாது. காத்துக்கும் தனியா வேலி போடச் சொல்வாங்க... அய்யய்யோ, அந்தக் குரங்கைப் பாரு! என் ரொட்டி!"

பபூன் ஒன்று மேசையில் தாவி, பொரித்த ரொட்டியைப் பறித்துக்கொண்டு ஓடிற்று. முகாமுக்கு எதிரே நீர்க்குட்டையில், செம்மண் பூசிய சாவோ வனப்பூங்கா யானைகள் துதிக்கையால் நீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. நைரோபியிலிருந்து அவற்றைக் காணவென்றே வந்த குடும்பத்தில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முவேனி யானை பார்க்க வந்தவளல்லள். மகள் தன்னோடு முகம் கொடுத்துப் பேசி ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பேத்தி தானு தொலைபேசியில், "பாட்டி, நீங்களும் வாங்க, அப்பா கூப்பிடச் சொன்னார்" என்று அழைத்தபோது, வயூவாவின் வாயிலிருந்து பழைய குரலில் 'அம்மா' என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிடலாம் என்ற ஆசையால்தான் அவள் மூட்டை கட்டினாள்.

மருமகன் முசெம்பி முறையறிந்தவன். மாமியாரும் மருமகனும் ஒரே கூரையின்கீழ் உறங்கலாகாது. ஒருவர் உண்பதை மற்றவர் காணலாகாது. வழியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஒருவரைப் பற்றி மற்றவர் வாய் திறத்தலும் ஆகாது. கம்பா மக்களின் இந்த மரியாதையைப் பட்டணத்தில் பலர் கைவிட்டுவிட்ட போதிலும், அவன் மறவாமல் மாமியாருக்கென்று தனிக்கூடாரம் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தான். ஆனால் முந்தின நாள் மாலை அவன் வண்டியை நிறுத்தப் போயிருந்த வேளையில், முதுகுவலி என்று சொல்லிச் சியோக்காவு அந்தக் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டாள். மிச்சமிருந்தது, நடுவே திரை தொங்கிய குடும்பக் கூடாரம் ஒன்றே. முகாமில் வேறு இடம் இல்லை. முவேனி யாரிடமும் முறையிடவில்லை. மூட்டையை எடுத்துக்கொண்டு சமையற்பெண்களின் கொட்டகைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

தட்டியை விலக்கிக்கொண்டு வயூவா உள்ளே வந்தாள். சமையற்பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு நாகரிகமாக வெளியேறினார்கள்.

"உனக்கு எங்க மேல என்ன கோவம்? சொல்லிடு! முகாமே பார்த்துச் சிரிக்குது!"

"ஒரே கூரைம்மா அது. நடுவுல ஒரு திரையைத் தொங்கவிட்டா ரெண்டு வீடாயிடுமா?"

"அது துணி! வெறும் துணி! துணிக்குப் போய் யாராவது மரியாதை கொடுப்பாங்களா?"

"துணிக்குக் கொடுக்கலை வயூவா. உன் புருஷனுக்குக் கொடுத்தேன்."

"பேசாதே!" வயூவாவின் குரல் உடைந்தது. "தானு பொறந்தப்போ ஜுரம் கண்டு சாகக் கிடந்தேனே... ஒரு தடவை எட்டிப் பார்த்தியா நீ? அத்தைதான் கஞ்சி கொடுத்தாங்க. அத்தைதான் என் ரத்தத் துணியெல்லாம் துவைச்சுப் போட்டாங்க. பெத்ததோட உன் வேலை முடிஞ்சு போச்சு... எனக்கு அம்மான்னா அவங்கதான்!"

முவேனியின் கையிலிருந்த அகப்பை ஒரு கணம் நின்று, மீண்டும் சுழன்றது.

"தானுவுக்கு உடம்பு சுடுதுன்னு சொன்னாங்க. கஞ்சி ஆறிடப் போகுது. கொடுத்து அனுப்புறேன், நீ போ."

வயூவா முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தானு பிறந்தபோது வயூவா கிடந்த சியோக்காவின் வீட்டுக்கு ஒரே வாசல். வாசலறையில், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்த முசெம்பி கட்டிலில் கிடந்தான். உள்ளறையில் வயூவா சுரவேகத்தில் பிதற்றிக்கொண்டிருந்தாள். மருமகன் படுத்திருக்கும் அறையைக் கடந்து மாமியார் எவ்வாறு போவாள்? முவேனி அண்டை வீட்டாரின் சோளக்கிடங்கில் தங்கினாள். மழைக்காலம் முழுவதும் விடியலில் கஞ்சி காய்ச்சிச் சியோக்காவின் வாசற்படியில் வைத்தாள். அழுக்குத் துணிகளை வாங்கிப்போய் ஆற்றில் துவைத்து அதே படியில் திருப்பி வைத்தாள். உள்ளே போன கஞ்சி யாருடைய பெயரால் போயிற்று என்பது பின்னர்தான் அவளுக்குத் தெரியவந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. மாமியாரின் ஆளுகையில் வாழ வேண்டிய பெண், அந்த மாமியாரைத் தாயாக நம்பி நிம்மதியாக இருக்கிறாள். அந்த நம்பிக்கையைப் பறித்துவிட்டு அவளுக்கு எதைக் கொடுப்பது? அன்றைக்கு அது தியாகமாகத் தோன்றிற்று. இன்றைக்கு, அது மகளைத் தானே விலையில்லாமல் பிறருக்கு எழுதிக் கொடுத்த மடமையாகத் தோன்றிற்று.

சமையற்பெண் ஒருத்தி கஞ்சியை மேசைக்குக் கொண்டுபோனாள். முவேனி தன் மூட்டையைக் கட்டத் தொடங்கினாள். காய்கறி இறக்கிய லாரி நெடுஞ்சாலைக்குத் திரும்பும் நேரம் அது.

தட்டிக்கு அப்பால் தானு சப்புக்கொட்டினாள். "புளிப்பா நல்லா இருக்கும்மா!"

"இரு, சூடு பார்க்கிறேன்..." என்ற வயூவா சட்டென்று நிறுத்தினாள். "அத்தை! இது நீங்க எனக்குக் காய்ச்சின கஞ்சி! அதே புளி, அதே பெருக்க மரத்துக் காய்ப் பொடி..."

"ஆமா... இந்தப் பக்கத்துக் கஞ்சியெல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும்."

"இல்லை அத்தை. எத்தனை இடத்துல குடிச்சிருக்கேன். உங்களையே எத்தனை தடவை காய்ச்சித் தரச் சொல்லிக் கேட்டேன், கைப்பக்குவம் மறந்துபோச்சுன்னு சொன்னீங்களே!"

"வயசானா மறக்காதா?"

"மறக்கிறதுக்கு, எப்பம்மா உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது?"

முசெம்பியின் குரல் அது. தட்டிக்கு இப்பால் முவேனியின் விரல்கள் முடிச்சின்மீது அப்படியே நின்றன.

"நீ சும்மா இருடா! பொம்பளைங்க பேச்சுல உனக்கென்ன?"

"சும்மா இருந்து இருந்துதான் இங்க வந்து நிக்குது. வயூவா, இப்ப நீ உள்ள போய்க் கத்தினதெல்லாம் என் காதுல விழுந்துச்சு. கேட்டதும் எனக்கு உசுரே போச்சு. கால் ஒடிஞ்சு நான் வாசலறையில கிடந்தேனே, ஞாபகம் இருக்கா? தினம் விடியக்காலையில படியில காலடிச் சத்தம் கேக்கும். கேட்ட உடனே நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன். யார் வந்தா நான் முகத்தைத் திருப்பணும்? எங்க அம்மா வந்தாலா?"

வயூவாவின் குரல் மெல்ல எழுந்தது.

"ஏன்... ஏன் என்கிட்ட சொல்லலை?"

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன்! அவங்களைப் பத்தி நான் எந்த வாயால பேசுறது? உங்களுக்குள்ள வேற ஏதோ மனத்தாங்கல்னு நினைச்சுக்கிட்டேன். மரியாதை மரியாதைன்னு வாயை மூடிக்கிட்டே இருந்துட்டேனே... பாவி நான்!"

"நான் என்ன பொய்யா சொன்னேன்?" சியோக்காவு சீறினாள். "நான்தான் காய்ச்சினேன்னு எப்பவாவது சொல்லியிருக்கேனா? அவளா நினைச்சுக்கிட்டா, அத்தை அத்தைன்னு அழுதா. நான் இல்லைன்னு சொல்லலை. அவ்வளவுதான்! அதுக்கு என்னைத் தூக்குல போடுவீங்களா?"

நாற்காலி கவிழும் ஓசை கேட்டது. வயூவா கொட்டகையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தபோது, முவேனி லாரியின் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்திருந்தாள்.

"அம்மா! இறங்கும்மா... உன் காலைப் பிடிச்சுக்கறேன், இறங்கும்மா!" வயூவா கதவுக் கம்பியைப் பற்றிக்கொண்டு குலுங்கினாள். "எனக்குத் தெரியாதும்மா... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ!"

"நான் சொல்லணுமா? மகளுக்குத் தாயோட கைப்பக்குவம் தெரியாதா? உன் சின்ன வயசுல எத்தனை ஜுரத்துக்கு அதே கஞ்சியைக் குடிச்சிருக்க..."

வயூவா நெற்றியைக் கம்பியில் மோதிக்கொண்டு அழுதாள். முவேனி கையை நீட்டி அவள் நெற்றிக்கும் கம்பிக்கும் நடுவில் வைத்தாள்.

"அழாதே. உன்மேல இருந்த கோவம் எப்பவோ போயிடுச்சு. ஆனா அந்த ஒன்பது வருஷம் போனது போனதுதான். நீ இப்ப அழுது தீர்த்தாலும் அது எனக்குத் திரும்பி வராது."

"நானும் வர்றேன். இப்பவே உன்கூட வர்றேன். அந்த வீடே வேணாம் எனக்கு!"

வயூவா படியில் கால் வைத்தாள். முவேனியின் முகம் கடுமையாயிற்று.

"இறங்கு. உன் மகளுக்கு உடம்பு சுடுது. பிள்ளை ஜுரத்துல கிடக்கிறப்போ தாய் பக்கத்துல இல்லைன்னா என்ன பேச்சு வரும்னு உன்னைவிட யாருக்கு நல்லாத் தெரியும்? போய் உக்காரு அவ பக்கத்துல."

வயூவா அடிபட்டவளைப் போலக் காலை எடுத்தாள்.

"அவளுக்கு நல்லானதும் கூட்டிக்கிட்டு வா," முவேனியின் குரல் இப்போதுதான் நடுங்கிற்று. "என் வீட்டுப் படியில கஞ்சியை நடுவுல வாங்கிக்க யாரும் நிக்க மாட்டாங்க. நானே கொடுப்பேன்."

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். செந்தூசி எழுந்து முகாமை மறைத்தது. அந்தத் தூசிக்குள்ளிருந்து, சிறு பிள்ளையாயிருந்தபோது சந்தைக்குப் போகும் தாயின் பின்னால் ஓடிவந்து கூவுவாளே, அதே குரலில் வயூவா கூவினாள்.

"அம்மா!"

அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் முவேனி இத்தனை தூரம் வந்தாள். கேட்டாள். திரும்பினால் இறங்கிவிடுவோம் என்று தெரிந்திருந்ததால், திரும்பாமல், நேரே சாலையைப் பார்த்தவாறு போனாள்.