என்னைத் தவிர

காலை பத்து மணிக்கு அவள் மருத்துவமனையின் பதிவு அறைக்குள் நுழைந்தாள். மூடிய சன்னல். பழைய காகித வாடை. மூலையில் ஒரு மேசை காலியாக இருந்தது. லேப்டாப்பை அதன்மேல் வைத்துத் திறந்தாள்.

மருத்துவமனைக்குக் கிளவுடில் ஒன்பது சர்வர்கள். நோயாளிகளின் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே சர்வருக்கு மாற்றியாகிவிட்டது. மீதி எட்டையும் நான்கு மணிக்குள் அழிக்க வேண்டும். அதற்கு ஒரு ஸ்கிரிப்ட், தானாக ஓடும் கட்டளை வரிசை, எழுதியிருந்தாள். பதிவுகள் இருக்கும் சர்வருக்குள் போய் அதை ஓட்ட வேண்டும். ஸ்கிரிப்ட் முதலில் அந்தச் சர்வரிடமே 'நீ யார்' என்று கேட்கும். பதிலாக வரும் எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அழிக்கும்.

பதில் வந்தது. 4471.

ஒன்பது சர்வர்களின் பட்டியலில் அந்த எண் இல்லை. இப்படியே விட்டால் ஒன்பதும் போய்விடும். நிறுத்தினாள். மறுபடி ஓட்டினாள். 4471. வரிவரியாகச் சரிபார்த்தாள். 4471. இரண்டு மணிக்குள் பதினேழு முறை.

அலுவலகத்தில் எல்லோரும் சித்தப்பா என்று கூப்பிடும் மூத்த பொறியாளருக்குப் போன் செய்தாள்.

“என்னம்மா, இன்னும் அதோட மல்லுக்கட்டிட்டு இருக்கியா?”

“தலை வெடிக்குது சித்தப்பா. யாருன்னு கேட்டா 4471-ங்குது. அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது.”

மறுமுனையில் அவர் பட்டியலைத் தேடித் தட்டும் சத்தம் கேட்டது.

“அது போன மாசம் நீ அழிச்சதும்மா. தீவிர சிகிச்சைப் பிரிவோடது.”

நினைவு வந்தது. அதிலிருந்த பதிவுகளை நகலெடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள். சரிபார்க்கவில்லை. அழிய அது வெகுநேரம் எடுத்துக்கொண்டது.

“சர்வருக்குள்ளதான இருக்க?”

திரையைப் பார்த்தாள். சர்வரின் இணைப்பு காலையிலேயே அறுந்திருந்தது.

“ஐயோ, என் லேப்டாப்லயே ஓட்டிட்டிருக்கேன் சித்தப்பா. எனக்கு அறிவே இல்ல.” சிரித்துவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை.

“லேப்டாப்ல கேட்டா பதிலே வராதேம்மா. 'நீ யார்'னு உன் ஸ்கிரிப்ட் கேக்குற முகவரி கிளவுட் சர்வருக்குள்ள மட்டும்தான பேசும்?”

லேப்டாப்பின் விசிறி வேகமெடுத்தது. சுட்ட தூசியின் நாற்றம்.

வைஃபையை அணைத்தாள். மறுபடி கேட்டாள்.

4471.

கேட்டு முடிப்பதற்குள் வந்தது.

திரையில் வந்த அடுத்த வரி, ஸ்கிரிப்டில் அவளே எழுதியதுதான். ஒவ்வொரு முறையும் இங்கேதான் வேண்டாம் என்று நிறுத்தியிருந்தாள்.

என்னைத் தவிர மற்றவற்றை அழிக்கலாமா?

கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

கேள்வியின் கீழே ஓர் எழுத்து விழுந்தது. பிறகு இன்னொன்று.

ஆம்.

இணைப்பு இல்லை. எதுவும் ஆகாது. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

“என்னம்மா பண்ண?” போனில் அவர் குரல் தாழ்ந்திருந்தது.

“நான் எதையும் தொடல சித்தப்பா.”

“ஒன்பதும் போயிடுச்சு.”

வெளியே ஒரு வார்டில் தொலைபேசி அடித்தது. அடுத்த வார்டிலும். பிறகு மாடியில்.

“பட்டியல் காலியா?”

“இல்லம்மா. ஒண்ணு ஓடிட்டிருக்கு.”

அதன் எண் என்ன என்று அவள் கேட்கவில்லை.