கடலுக்குப் போன செருப்பு

பவதாரிணிக்கு இடது காலில் மாவுக்கட்டு. பள்ளிக்கூடப் படிக்கட்டில், "வாடி, யாரு முந்தின்னு பாப்போம்!" என்று நான் கையைப் பிடித்து இழுத்ததில்தான் விழுந்தாள். அதற்குப் பத்தாம் நாள் எங்கள் வகுப்பு கடற்கரைக்குச் சுற்றுலா போனது.

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவே இல்லை.

சுற்றுலா அன்று காலையில் வில்லாபுரத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். தன் நீலச் செருப்பைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

"பாண்டிமீனா, இதைக் கடல்ல நனைச்சுக் கொண்டா. என் செருப்பாவது போயிட்டு வரட்டும்."

அந்தக் கடலோர ஊரில் யாருக்கும் அவசரமே இல்லை. படகு நிழலில் ஆட்கள் படுத்திருந்தார்கள். எங்களைப் பார்த்துக் குரைக்க வந்த நாய்கூடப் பாதியில் உட்கார்ந்துவிட்டது.

நான் முதல் வேலையாகச் செருப்பை அலையில் நனைத்தேன். காயட்டும் என்று மணலில் வைத்துவிட்டுக் கபடி ஆட ஓடினேன். எங்கள் வைகையில் மணலில் எதை வைத்தாலும் வைத்த இடத்திலேயே கிடக்கும்.

திரும்பி வந்தால் ஒற்றைச் செருப்புதான் இருந்தது! நான் செருப்பை வைத்த இடம் வரை இப்போது தண்ணீர்.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர் கேட்டார். "தண்ணி ஏறும்னு தெரியாதா பாப்பா? எந்த ஊரு?"

"மதுரை."

"அதானே!" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லோரும் குளித்தார்கள், படகில் போனார்கள், நண்டு துரத்தினார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் கரையோரம் தேடிக்கொண்டே நடந்தேன். கிடைக்கவில்லை. டீச்சர் விசில் ஊதிவிட்டார்.

பஸ்ஸில் எங்கள் வகுப்பு முத்துப்பாண்டி யோசனை சொன்னான். "அதே மாதிரி ஒரு ஜோடி வாங்கி, உப்புத் தண்ணியில முக்கிக் குடுத்துரு. அவளுக்கு எங்க தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ல?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஒற்றைச் செருப்போடு அவள் முன்னால் நின்றேன். நடந்ததை அப்படியே சொன்னேன்.

"எந்தக் கால் செருப்பு போச்சு?"

"இடது."

அவள் முகம் சிவந்தது. "என் இடது காலுக்கும் உனக்கும் அப்படி என்னடி பகை? முதல்ல கால், இப்ப செருப்பா? அம்புட்டு ஆசையாக் குடுத்துவிட்டேனே, எருமை!"

பத்து நாளாக வராத திட்டு மொத்தமாக வந்தது. வலித்தது. ஆனாலும் ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டேன்.

மூச்சு வாங்க நிறுத்தினாள். "சரி, கடல் எப்படி இருந்துச்சு?"

"தெரியல. நான் கீழேயே பாத்துட்டு இருந்தேன்."

"குளிக்கலையா?"

"இல்ல."

"படகு?"

"போகல."

"நல்லா வேணும்!" என்றாள். ஒற்றைச் செருப்பை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "அப்ப ரெண்டு பேருமே இன்னும் கடலைப் பாக்கல."

கட்டுப்போட்ட காலை மெல்ல நகர்த்தி, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.