தழைச்சாமியும் செல்லக்கிளியின் ஆடும்

இந்தக் காலத்து ஆட்கள் ஓர் இடத்துக்கு வந்தால் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை. போனை நீட்டிப் படம் பிடிக்கிறார்கள், பிஸ்கட் உறையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். வழியைக்கூட ஆளிடம் கேட்பதில்லை, போனிடம்தான் கேட்கிறார்கள். அது தப்பாகச் சொன்னாலும் நம்பிப் பள்ளத்தில் இறங்குகிறார்கள். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான், இனி எவனையும் நம்புவதில்லை என்று மொக்கச்சாமி முடிவு செய்திருந்தார்.

குரங்கணிக்கு மேலே, ஜீப் பாதையை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருந்தது. அதற்கு எதிரே ஒரு மாதா கோயில். ஏலத்தோட்ட ஆட்களுக்காக யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது. கூரை எப்போதோ போய்விட்டது. நான்கு சுவர்களும், வாசலில் உடைந்த படியும், முற்றத்தில் சாய்ந்து நின்ற சில சிலுவைகளும்தான் மிச்சம்.

அந்த முற்றத்தின் ஓரத்தில்தான் தழைச்சாமி இருந்தது. கோயில் வருவதற்கு ரொம்பக் காலம் முந்தியே அது அங்கே இருந்ததாம். காட்டுக்கு ஏறுகிறவர்கள் வழியில் ஒரு கொத்துத் தழையை ஒடித்து அங்கே போட்டுவிட்டுத்தான் போவார்கள். போட்டால் யானையும் காட்டுமாடும் எதிரே வராது. ஞாயிற்றுக்கிழமை மாதாவைக் கும்பிட வந்தவர்களும் தழை போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்களாம்.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. போட்ட தழையை யாரும் கையால் எடுக்கக் கூடாது.

இப்படிப் போட்டுப் போட்டே உள்ளே இருந்த கல் மறைந்து, ஆள் உயரத்துக்கு ஒரு தழைமேடு நின்றது. உள்ளே கல் இருக்கிறது என்று மொக்கச்சாமியிடம் அவருடைய அப்பா சொல்லியிருந்தார். அப்பாவும் பார்த்ததில்லை.

பாதையை அகலப்படுத்த அளவெடுக்க வந்தவர்களும் பார்க்கவில்லை. வரைபடத்தில் அந்த இடத்தைக் குப்பைமேடு என்று குறித்துக்கொண்டார்கள். பக்கத்துப் பாறையில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் மஞ்சள் நிற இயந்திரம் ஒன்று ஊர்ந்து வந்து மாதா கோயிலுக்கு முன்னால் நின்றது. அதை ஓட்டி வந்த தங்கபாண்டி, டீசல் தீரப்போகிறது என்று சொல்லி அணைத்தான். டீசல் கொண்டுவரும் ஜீப் கீழேயிருந்து கிளம்பிவிட்டது, வந்ததும் இந்தக் குப்பைமேட்டிலிருந்து வேலையை ஆரம்பிக்கலாம் என்றார் வேலையை மேற்பார்க்கும் அழகுராஜா.

மொக்கச்சாமி காப்பிச் செடிகளுக்குள்ளிருந்து கம்போடு வெளியே வந்தார். நேரே போய்த் தழைமேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

“இது குப்பை இல்லை. சாமி” என்றார்.

அழகுராஜா கெட்டவர் இல்லை. உள்ளே என்ன சாமி இருக்கிறது, காட்டுங்கள், நான் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்புகிறேன், அவர்கள் சரி என்றால் பாதையைக் கொஞ்சம் விலக்கிப் போடலாம் என்று பொறுமையாகவே சொன்னார்.

படம் என்ற சொல்லைக் கேட்டதும் மொக்கச்சாமிக்குச் சுர்ரென்று ஏறியது. முன்பு இப்படித்தான் இரண்டு பேர் வந்து மாதா கோயில் மணியைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தார்கள். மறுவாரம் மணியைக் காணோம்.

“தழையை எடுக்கவும் விடமாட்டேன். படம் பிடிக்கவும் விடமாட்டேன்.”

“அப்ப எனக்குத் தெரியுறது குப்பைமேடுதான், பெரியவரே” என்றார் அழகுராஜா. “ஜீப்பு வர்ற வரைக்கும் இருக்கேன். அதுக்குள்ள காட்டுனா உண்டு.”

கீழே எங்கோ ஒரு வளைவில் ஜீப்பின் உறுமல் மெல்லக் கேட்டது.

இதையெல்லாம் கோயில் சுவரின் மேல் உட்கார்ந்து ஒரு சிறுமி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் செல்லக்கிளி. ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளி இல்லாத நாளில் வெள்ளச்சி என்ற ஆட்டையும் அதன் குட்டியையும் மேய்க்க வருவாள். மொக்கச்சாமிக்கும் வெள்ளச்சிக்கும் ஆகவே ஆகாது. தழைமேட்டில் வாய் வைக்க அது எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவர் மண்ணாங்கட்டியை எறிந்து விரட்டியிருக்கிறார்.

செல்லக்கிளி சுவரிலிருந்து குதித்து வந்தாள்.

“தாத்தா, தழையைக் கையாலதான எடுக்கக் கூடாது?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“ஆடு வாயால எடுத்தா?”

மொக்கச்சாமி கம்பைத் தரையில் ஊன்றினார். ஆடு எடுக்கக் கூடாது என்று அப்பா சொன்னதாக நினைவில்லை. ஆடு எடுக்கலாம் என்றும் சொன்னதில்லை. இந்தப் பெண் அழகுராஜாவிடம் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்திருப்பாளோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவள் வாயை உற்றுப் பார்த்தார். மிட்டாய் இல்லை.

“இந்தப் பொதியைத் தின்னு முடிக்க உன் ஆட்டுக்கு ஒரு வருசம் ஆகும், போ” என்றார்.

அவள் போகவில்லை. பாதையோரப் பலா மரத்தில் தாழ்வான கிளை ஒன்றை ஒடித்துக்கொண்டு வந்தாள். மேட்டின் பக்கவாட்டில் ஏறி, அதன் உச்சியில் செருகினாள். தழை போடுவது தப்பில்லையே. அதை யார் தடுக்க முடியும்? ஆனால் பலா இலை என்றால் வெள்ளச்சி உயிரையே விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

வெள்ளச்சி மூக்கை உயர்த்தியது. இரண்டடி முன்னால் வைத்தது. மொக்கச்சாமியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. குட்டி அதன் வயிற்றுக்கு அடியில் ஒளிந்தது.

ஜீப்பின் சத்தம் இப்போது தெளிவாகக் கேட்டது. இன்னொரு வளைவு ஏறியிருக்கும்.

“தாத்தா, அது உங்களைக் கண்டு பயப்படுது” என்றாள் செல்லக்கிளி. “கம்பைக் கீழ போட்டுட்டு அந்தாண்ட போய் உக்காருங்க.”

“நான் நகந்ததும் மிஷினு உள்ள வந்துரும். எனக்குத் தெரியாதா?”

“நீங்க நிக்கிற இடத்துல நான் நிக்கிறேன். என்னை மீறி வந்துருமா?”

மொக்கச்சாமி இயந்திரத்தைப் பார்த்தார். அதன் இரும்புக் கைக்கு முன்னால் அவள் கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள். அழகுராஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தங்கபாண்டி மட்டும், நான் சாவியைக் கழற்றிவிட்டேன், பாருங்கள் என்று அதை விரலில் மாட்டி ஆட்டிக் காட்டினான்.

அவர் ஒவ்வோர் அடியாகப் பின்னால் நகர்ந்தார். கம்பைக் கீழே போட்டார். போட்ட கம்பின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா.

செல்லக்கிளி அவர் நின்ற இடத்தில் போய்க் கைகளை விரித்து நின்றாள். கைகளைக் கீழே இறக்கவில்லை.

வெள்ளச்சி மொக்கச்சாமியை ஒரு தடவை பார்த்தது. பிறகு மேட்டின் அடியில் அன்றைக்கு விழுந்த பச்சைத் தழையைக் கடித்தது. யாரும் ஒன்றும் எறியவில்லை. அதற்குத் தைரியம் வந்துவிட்டது. முன்னங்கால்களைத் தூக்கி வைத்து, பலா இலையைப் பார்த்து ஏறத் தொடங்கியது. குட்டியும் பின்னாலேயே தாவியது.

மேட்டுக்குள் ஏதோ சரசரத்தது. வெள்ளச்சி காதை விறைத்துக்கொண்டு நின்றது. தழைக்கு அடியிலிருந்து நீளமான சாரைப்பாம்பு ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து, செல்லக்கிளியின் காலுக்கு அருகே தலையை உயர்த்தியது.

“அசையாத, ஆத்தா” என்றார் மொக்கச்சாமி. சத்தமே வராத குரலில்தான் சொன்னார்.

அவள் அசையவில்லை. மூச்சும் விடவில்லை. பாம்பு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு காப்பிச் செடிக்குள் போய் மறைந்தது. திரும்பிப் பார்த்தால் அழகுராஜா இயந்திரத்தின் மேலே ஏறி நின்றுகொண்டிருந்தார். எப்போது ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

கடைசி வளைவில் ஜீப் தெரிந்தது. வெள்ளச்சி அதைக் கவனிக்கவே இல்லை. ஒரே தாவலில் உச்சிக்குப் போய்ப் பலாக் கிளையைக் கவ்வி இழுத்தது. கிளை ஆழமாகச் செருகியிருந்தது. ஆடும் விடவில்லை. இழுத்த இழுப்பில், அடியில் மக்கிப் போயிருந்த தழையெல்லாம் பொலபொலவென்று சரிந்தது. மேட்டின் பாதி, வெள்ளச்சியோடும் குட்டியோடும் சேர்ந்து பள்ளத்துப் பக்கம் இறங்கியது.

புழுதி அடங்கியது. ஆடு எழுந்து உடம்பை உதறியது. வாயில் பலா இலை அப்படியே இருந்தது.

சரிந்த இடத்தில் ஒரு கல் நின்றது. அகலமான பலகைக்கல். அதில் ஓர் ஆள் ஈட்டியைத் தூக்கி நின்றான். எதிரே புலி ஒன்று எம்பிப் பாய்ந்தது. ஆளின் தலைக்கு மேலே இரண்டு வரி எழுத்து. எல்லாம் உருண்டை உருண்டையாக இருந்தது, ஒன்றும் படிக்க முடியவில்லை. கல்லின் அடியில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், ஒரு சின்ன நாய் புலியின் வாலைக் கவ்விக்கொண்டிருந்தது.

ஜீப் வந்து நின்றது. டீசல் கேனை இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

“எங்க பாடப் புத்தகத்துல இது மாதிரி படம் இருக்கு” என்றாள் செல்லக்கிளி. “நடுகல்லு. புலியோட சண்டை போட்டுச் செத்தவருக்கு வைக்கிறது. இந்த எழுத்துக்குப் பேரு வட்டெழுத்து.”

அழகுராஜா கீழே இறங்கி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின் அருகே போனார். கையால் தொடவில்லை. படம் எடுக்கலாமா என்று மொக்கச்சாமியைப் பார்த்துக் கேட்டார். எவனும் இதுவரை அவரிடம் கேட்டு எடுத்ததில்லை. அவர் இருமினார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் அழகுராஜா.

மாதா கோயில் படியில் ஏறினால்தான் அங்கே சிக்னல் கிடைக்கும். படம் போனது. கொஞ்ச நேரத்தில் ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. அழகுராஜா பேசும்போதே பாறையில் இருந்த சிவப்புக் கோட்டைத் திரும்பிப் பார்த்தார். பேசி முடித்ததும் தங்கபாண்டியிடம், வண்டியைத் திருப்பு, பாதை கல்லை விட்டு விலகிப் போகுது என்றார். கல்லைப் பார்க்க அதிகாரிகள் வருவார்கள், வேலி போடுவார்கள், பலகையும் வைப்பார்கள் என்றும் சொன்னார்.

இயந்திரம் பின்னால் நகர்ந்தது. செல்லக்கிளி அப்போதுதான் கையை இறக்கினாள். இறக்கியதும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். வெள்ளச்சி வந்து அவள் மடியில் பலாக்காம்பைத் துப்பியது.

மொக்கச்சாமிக்கு மேல்தோட்டத்தில் சோலி இருந்தது. கம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். மேலே போவதென்றால் தழை போட வேண்டும். ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். மேலே போட்டால் எழுத்து மறையும். நடுவில் போட்டால் ஆள் மறைவான். கடைசியில் குனிந்து, நாய்க்குக் கொஞ்சம் தள்ளி, தரையில் வைத்தார்.

“வேலி போடுறானாம் வேலி” என்றார். “அப்புறம் டிக்கெட்டு போடுவான். ஒருநாள் அந்த மணி மாதிரி இதுவும் காணாமப் போகும். பாத்துக்கிட்டே இரு.”

“அதான் பாத்துக்கிட்டே இருக்கேனே, தாத்தா” என்றாள் செல்லக்கிளி.

அவர் “ம்க்கும்” என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு மலைப்பாதையில் ஏறினார். நாலைந்து அடி போய்த் திரும்பிப் பார்த்தார். கல் அங்கேயேதான் இருந்தது. வளைவு வரும் வரை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.