மௌஸுக்கு அடியில் ஒரு கைக்கடிகாரம்

“இது உங்க வாட்ச்தானே?”

மேசைக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். எதிரே ஒருவன் நின்றிருந்தான். நீட்டிய உள்ளங்கையில் அவளுடைய கைக்கடிகாரம். தலைமுடியில் மழைத்துளிகள்… குடையை மறந்துவிட்டு அவசரமாகக் கிளம்பி வந்தவனைப் போல. கண்களில் மட்டும் அவசரமே இல்லை. ரொம்ப நாள் காத்திருந்து கிடைத்த புத்தகத்தின் முதல் பக்கத்தை ஒருவர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்தான்.

அந்த ஒரு கணம், தான் பயப்பட வேண்டும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. பிறகு எத்தனையோ நாள் அந்தக் கணத்துக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

“நீங்க…?”

“சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் லைட்டு, ஏசி எல்லாம் அணைக்க வர்ற ஆளுங்க.”

“ஓ… இருட்டா?”

வாய் தவறி வந்துவிட்டது. அந்த அலுவலகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். டைல்ஸ் கம்பெனியின் கரண்ட் பில் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து முதலாளி அமர்த்திய எலக்ட்ரீஷியன். ஆறு மணிக்கு அவன் உள்ளே வந்தால் வரிசை வரிசையாக எல்லாம் அணையும். ‘இருட்டு வர்ற நேரமாச்சு, கிளம்புங்கப்பா’ என்று பில் பிரிவில் தினமும் ஒரு சிரிப்பு எழும். நேற்றிலிருந்து கம்ப்யூட்டர்களையும் அவனே அணைப்பான் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை. அவனையும் இதுவரை பார்த்ததில்லை.

அவன் சிரித்தான். “இருட்டேதாங்க. இன்னிக்குப் பகல்லயே வந்துட்டேன்.”

சட்டென்று வாட்ச்சை வாங்கிக் கைக்குள் மூடியிருக்க வேண்டும். அவளோ அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குள் டீ கப்போடு மேனேஜர் வந்துவிட்டார்.

“என்னப்பா, இந்த நேரத்துல? என்ன வாட்ச் அது?”

“மேடத்தோடது சார். நேத்து கம்ப்யூட்டரை அணைக்கும்போது பார்த்தேன். மௌஸுக்கு அடியில இருந்துச்சு. நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

மேனேஜரின் டீ வாய் வரைக்கும் போய் நின்றது. பக்கத்து இருக்கை அக்கா, “ஐயோ” என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

வித்தை இதுதான். மேனேஜரின் திரையில் எல்லார் பெயருக்கும் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். கொஞ்ச நேரம் ஒருவர் மௌஸைத் தொடாவிட்டால் அவர் திரை கறுத்துவிடும், அங்கே புள்ளி மஞ்சளாகிவிடும். நொடிமுள் ஓடுகிற கடிகாரத்தின் மேல் மௌஸை வைத்துவிட்டால்… மௌஸின் வயிற்றில் இருக்கும் சின்ன வெளிச்சம் அந்த முள் நகர்வதைப் பார்த்து, யாரோ தன்னை நகர்த்துவதாக நம்பிக்கொள்ளும். ஆள் இல்லாத மேசையில் ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் ஓடும். புள்ளி பச்சையாகவே இருக்கும்.

“எத்தனை நாளா?” என்றார் மேனேஜர். குரல் உயரவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து, சார்.”

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இறங்க ஒரு தோள் வேண்டும், பயிற்சி கொடுக்கும் கிளினிக்கை மாலை ஐந்தரைக்கே பூட்டிவிடுவார்கள்… முட்டி மடங்கப் பழகுவது இந்த இரண்டு மூன்று மாதத்துக்குள்தான், அப்புறம் அது இறுகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் சொல்லித்தான் ஆரம்பத்தில் சீக்கிரம் கிளம்ப அனுமதி கேட்டாள். ‘எல்லார் வீட்லயும் ஒரு கஷ்டம் இருக்கும்மா’ என்று சொல்லி அனுப்பியவரும் இதே மேனேஜர்தான்.

அவள் கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். அவன் இன்னும் கையை நீட்டியபடியே நின்றிருந்தான். முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே காய்ந்துபோயிருந்தது.

*

வேலையிலிருந்து நீக்கவில்லை. ஊரின் ஓரத்தில் இருக்கும் குடோன் கவுண்டருக்கு மாற்றினார்கள். கம்ப்யூட்டர் இல்லாத இடம். ஏழு மணி வரை நின்றபடி சரக்கு அனுப்ப வேண்டும்.

அன்று மாலை பையை எடுத்துக்கொண்டு இறங்கியபோது அவன் படிக்கட்டில் காத்திருந்தான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒதுங்கிப் போகவும் வழியில்லை.

“சத்தியமா எனக்குத் தெரியாதுங்க.”

“தெரியாமலேயே இவ்வளவு பண்ணிட்டீங்க. தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்களோ.”

“நான் போய் மேனேஜர்கிட்ட பேசட்டுமா?”

“காலையில பேசினது போதுங்க.”

தாங்கள் இருவரும் படிக்கட்டின் ஒரே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். கையை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கி நடந்தாள். நனைவது ஒரு விதத்தில் வசதியாக இருந்தது… அழுவது யாருக்கும் தெரியாது.

பக்கத்து இருக்கை அக்காவிடம் விசாரித்திருப்பான் போலிருக்கிறது. அடுத்த வாரம் குடோனுக்கே வந்துவிட்டான். லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டைல்ஸ் தூசி பனிமூட்டம் மாதிரி பரவியிருந்தது. அதற்குள் இருந்து வந்து நின்றான்.

“எனக்கு வேலையே ஆறு மணிக்கு மேலதாங்க. அதுவரைக்கும் சும்மாதான் இருக்கேன். அம்மாவை நான் கிளினிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வரேன்.”

“நீங்க யாரு எங்களுக்கு?”

“யாரும் இல்ல. ஆள் இல்லாத நேரத்துல வர்றவன். அது ஒண்ணுதான் எனக்குப் பழக்கம்.”

சிரிப்பு வந்தது அவளுக்கு. வந்த சிரிப்பின் மேலேயே கோபமும் வந்தது. இவன் முன்னால் சிரித்தால், அன்றைக்கு எல்லார் எதிரிலும் தலைகுனிந்து நின்றதற்கு என்ன அர்த்தம்?

“வேண்டாம். உதவின்னு சொல்லிக்கிட்டு இன்னொரு தடவை என் வாழ்க்கைக்குள்ள வராதீங்க.”

“மேடம், எனக்காக இல்ல, அவங்க கால்…”

“வேண்டாம்னு சொன்னேன்.”

அவன் போய்விட்டான். போகும்போது திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்களை அவள் பார்க்காத மாதிரி பெட்டிகளை எண்ணினாள். எண்ணிக்கை தப்பியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

அன்று இரவு அம்மாவிடம் அதைப் பெரிய பெருமையாகச் சொன்னாள். கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா கேட்டுவிட்டு, “ஆளு எப்படி இருக்கான்?” என்றாள்.

“அம்மா…”

“கேட்டேன். கேக்கக்கூடாதா? என் முட்டிக்கு என்ன தெரியும், யாரு கூட்டிட்டுப் போறாங்கன்னு?”

“நான் காலையில சீக்கிரம் எழுந்து பயிற்சி கொடுக்கிறேன்மா. நீ ஒண்ணும் கவலைப்படாதே.”

கொடுத்தாள். ஆனால் வலித்து அம்மா முகம் சுளித்தவுடன் மகளின் கை தானாக நின்றுவிடும். கிளினிக்காரர் நிறுத்த மாட்டார். பகலில் தானே செய்துகொள்வதாக அம்மா சொன்னாள். ‘செஞ்சியாம்மா?’ என்றால் ‘ஓ… பேஷா’ என்பாள். செய்யவில்லை என்று இருவருக்கும் தெரியும். கேட்டுக்கொள்வதும் சொல்லிக்கொள்வதும் மட்டும் தவறாமல் நடந்தது.

மறுபடி டாக்டரிடம் போனபோது அவர் முட்டியை மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். “இறுகிடுச்சும்மா. இதுக்கு மேல மடங்காது. கம்பு ஊன்றி நடக்கப் பழகிக்கோங்க.”

திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா ஆட்டோவின் ஓரமாகக் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். வீடு நெருங்கும்போது, வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஏன்டி, உன் ரோஷத்துக்கு என் முட்டியா கிடைச்சுது?”

கேலியாகத்தான் சொன்னாள். எப்போதும் பேசுகிற அதே வாய்தான். ஆனால் அன்று அந்த வாக்கியத்தின் கடைசியில் அம்மா சிரிக்கவில்லை.

*

ஒரு நாள் குடோனுக்குள் மழைத்தண்ணீர் புகுந்துவிட, நேரத்தோடு மூடினார்கள். சாவியை ஒப்படைக்க அவள் பழைய அலுவலகத்துக்கு வந்தாள். பில் பிரிவில் எல்லாரும் கிளம்பிவிட்டிருந்தார்கள். ஜன்னலில் இன்னும் சாம்பல் நிற வெளிச்சம் மிச்சமிருந்தது. அவன் ஒவ்வொரு மேசையாகக் குனிந்து அணைத்துக்கொண்டு வந்தான். திரையை மட்டும் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்… அதனால் கீழே இருக்கும் பெட்டியைக் கையால் தொட்டுப் பார்த்தான். சூடு இருந்தால் முழுசாக நிறுத்தினான். காய்ச்சல் பார்க்கிற கை மாதிரி இருந்தது.

அவளைக் கண்டதும் நிமிர்ந்தான். இளைத்திருந்தான்.

“சாவி கொடுக்க வந்தேன்,” என்றாள், அவன் கேட்காமலேயே.

“வாச்மேன் டீ குடிக்கப் போயிருக்கார். உட்காருங்க, வந்துடுவார்.” கொஞ்சம் தயங்கினான். “அம்மா எப்படி இருக்காங்க?”

அவள் தன்னுடைய பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். சொன்னாள். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள்.

அவன் எதிர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டான். மழை மட்டும் கண்ணாடியில் எதையோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தது.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னா நீங்க அப்புறம் என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டீங்க. இருந்தாலும் சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“உங்களைப் பார்க்கிறதுக்கு முன்னாடி இந்த மேசையைத்தான் பார்த்தேன். நான் வர்றப்போ எல்லா ஸ்கிரீனும் கறுத்திருக்கும். இது மட்டும் எரிஞ்சுக்கிட்டு இருக்கும். அந்த வெளிச்சத்துல ஒரு புத்தகம்… அட்டைப் படத்துல பனி விழுந்துக்கிட்டு இருக்கும். உள்ள பஸ் டிக்கெட்டை அடையாளத்துக்கு வச்சிருப்பீங்க. தினமும் அந்த டிக்கெட் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகும். ஒரு வாரம் நகரவே இல்ல. இவங்களுக்கு என்ன ஆச்சோன்னு எனக்கு வேலையே ஓடல.”

அம்மாவுக்குத் தையல் பிரித்த வாரம் அது. அவள் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. உலகத்தில் ஒருவருக்கு அது தெரிந்திருக்கிறது.

“அன்னிக்கு மௌஸைத் தூக்கினப்போ வாட்ச் இருந்துச்சு. யாரும் வாட்ச்சை அப்படி மறந்து வைக்க மாட்டாங்க. எனக்கு அப்பவே தோணுச்சுங்க… ஏதோ காரணமாத்தான் வச்சிருக்காங்கன்னு.”

“படிக்கட்டுல தெரியாதுன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.” அவன் கண்களை அவளிடமிருந்து எடுக்கவில்லை. “கம்ப்யூட்டரை நிறுத்திட்டு வாட்ச்சை டிராயருக்குள்ள போட்டிருக்கலாம். யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஆனா அப்படிப் போட்டுட்டா, உங்களைப் பார்க்க எனக்கு வேற சாக்கு கிடையாது. நீங்க போனப்புறம் வர்றவன் நான். அதனால தோணினதைத் தோணாத மாதிரி ஆக்கிக்கிட்டு, காலையில குடைகூட எடுக்காம ஓடி வந்தேன்… உங்களை ஒரு தடவை பார்க்கணும்ங்கிற ஆசையில. என் ஆசைக்கு உங்க அம்மா காலைக் கொடுத்துட்டேன்.”

அவள் எழுந்திருப்பாள் என்று அவன் எதிர்பார்த்தான் போலும். வழிவிட்டு விலகி நின்றான்.

அவள் எழவில்லை.

“நீங்க குடோனுக்கு வந்தீங்களே… அன்னிக்கு இன்னும் நேரம் இருந்துச்சு,” என்றாள். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. “அன்னிக்கு நான் சரின்னு சொல்லியிருந்தா அம்மா கால் மடங்கியிருக்கும். இது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். உங்களை மட்டும் குத்தம் சொன்னா எனக்குத் தூக்கம் வரும்னு பார்த்தேன்… வரல.”

“நீங்க என்ன பண்ணுவீங்க, கோபத்துல…”

“கோபம் மட்டும் இல்லங்க.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. “நீங்க வந்து நின்னதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அதுதான் பொறுக்கல. நம்மளை எல்லார் முன்னாடியும் கூனிக் குறுக வச்சவனைப் பார்த்தா சந்தோஷம் வருதேன்னு. அதை மறைக்கத்தான் அவ்வளவு கத்தினேன். அதிலிருந்து மனசுக்குள்ள தினமும் உங்ககூடத்தான் சண்டை. வேற யாருமே உள்ள வரல.”

பின்னாலிருந்து அவன் குரல் வந்தது, மிக மெல்ல…

“அந்தச் சண்டையை நேர்ல வந்து வாங்கிக்கட்டுமா?”

“எங்க அம்மா திட்டுவாங்க.”

“திட்டட்டும்.”

“கொஞ்ச நஞ்சம் இல்ல. ஒவ்வொரு தடவை காலை நீட்டும்போதும் திட்டுவாங்க. தினமும்.”

“அப்போ தினமும் வரட்டுமா?”

மழை சற்று விட்டிருந்தது. தெருவில் யாரோ குடையை மடக்கி உதறினார்கள். அவள் திரும்பினாள். அவன் கண்கள் நனைந்திருந்தன, துடைத்துக்கொள்ளவும் இல்லை. அவள் நாக்கு நுனியில் பழைய அந்த ஒரு சொல் வந்து நின்றது… வேண்டாம்.

அவள் அதைச் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்னதற்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும்.