போன வருஷம் எழுதாத பெயர்

காலையில் எழுதிய எட்டுப் பெயர்களும் மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டன. ஒன்பதாவது மட்டும் காயவில்லை.

ஊர்காவற்றுறைக் கரையில் பூட்டிக் கிடந்த பழைய டொக்யாட்டை, கப்பல் பழுதுபார்க்கும் துறையை, இப்போது திருத்துகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் அதை ஆண்ட அதிகாரிகளின் பெயர்ப்பலகையை எழுத வந்தவர் பஸ்ரியாம்பிள்ளை. நாற்பது வருஷமாக வள்ளங்களுக்குப் பெயர் எழுதிய கை. இன்று பின்னேரம் மகள் நிமலினி கனடாவிலிருந்து வருகிறாள். பன்னிரண்டு வருஷம்! முடித்த கையோடு வீட்டுக்கு ஓடவேண்டும் என்று அவருக்கு ஒரே அந்தரம்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பொறுப்புக்கு வந்த வருஷம், போன வருஷம். ஒன்பதாவதான கடைசித் துரைக்குப் போன வருஷம் இல்லை.

"அதை எழுதாமல் விடுங்கோ அண்ணை," என்று கிளாக்கர் சிவபாதம் காலையிலேயே சொல்லியிருந்தார். "அவர் ஆருக்கும் பொறுப்புக் குடுக்கேல்லை. 1911இல எழுவைதீவுப் பக்கம் வள்ளத்தில போனவர், திரும்பேல்லை."

"திரும்பாட்டில் போனதுதானே தம்பி!"

இடம் விட்டால், கிழவன் மறந்துபோனான் என்று ஊர் சிரிக்காதா? சிவபாதம் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பிறஸைப் பெயின்றில் தோய்த்து 1911 என்று எழுதினார்.

கையெடுக்க முன்னம் அந்த வரி காய்ந்துவிட்டது.

பின்னால் கிடந்த துரையின் பழைய கதிரை கிரீச்சிட்டு நகர்ந்தது. நெடுநேரம் இருந்தவர் எழும்பும்போது விடுகிற மூச்சு. உப்பும் சுருட்டும் கலந்த நெடி அவரைத் தாண்டிப் போக, நிலத்தில் ஈரச் சப்பாத்தடிகள் வாசல்வரை ஒவ்வொன்றாக விழுந்தன. வெளியேதான் போயின.

"மாதாவே!" ஓடினார். வாசல்படியில் கால் நின்றது. தூக்க ஏலவில்லை. சேட்டுப்பையில் ஏதோ கனத்தது. டொக்யாட்டுப் பூட்டுகளின் துருப்பிடித்த திறப்புக் கோர்வை.

பலகையைத் திரும்பிப் பார்த்தார். பத்தாவது வரி. அவருடைய பெயர். அவருடைய கையெழுத்து. வந்த வருஷம், இந்த வருஷம்.

போன வருஷத்தை எழுதினார். பெயின்ற் பிடிக்கவில்லை. மறுபடி எழுதினார். பிடிக்கவில்லை.

வெயில் சாய்ந்தபோது வாசலில் பேச்சுக்குரல்.

"அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

"அவர் மத்தியானமே போயிட்டார் பிள்ளை. நான் சாப்பிட்டிட்டு வரேக்க ஆளில்லை."

"நிமலினி!" வாசல்படிக்கு ஓடித் தொண்டை கிழியக் கத்தினார். அவள் அவரை உரசிக்கொண்டு உள்ளே வந்தாள். நிற்கவில்லை. பலகைக்கு முன்னால் போய், அப்பாவின் பெயரை விரலால் தடவினாள்.

விரல் கறுத்தது.

"இது இன்னும் காயேல்லையே," என்றாள்.