வடக்குச் சுவரின் வெடிப்பு

திங்கட்கிழமை வெடிப்பின் குறுக்கே பொறியாளர் ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டைக் காணோம். சுவர் விலகினால் கண்ணாடி உடையும். அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒட்டுவது. உடைந்திருந்தால் கீழே சில்லுகள் கிடக்க வேண்டும். தரையில் ஒரு பொடிகூட இல்லை. வெடிப்பின் இருபுறமும் பசைத் தடம் மட்டும் இருந்தது, யாரோ நகத்தால் உரித்தெடுத்ததுபோல.

"யாராவது எடுத்தாங்களா ஃபாதர்?" என்று கேட்டாள் அவள்.

"கோயில் சாவி உன்கிட்டதானேம்மா இருக்கு," என்றார் பங்குத்தந்தை.

உண்மைதான். அவள் கைப்பையில் இருந்தது.

கட்டியபோது இது சின்னக் கோயில். பின்னால் வந்தவர்கள் ஆசைப்பட்டு மணிக்கூண்டை ஏற்றினார்கள். அஸ்திவாரம் தாங்குமா என்று யாரும் யோசிக்கவில்லை. வடக்குச் சுவர் பிளந்தது. முதலில் சுண்ணாம்பால் அடைத்தார்கள், அடுத்த தலைமுறை சிமெண்டால், அதற்கடுத்தவர்கள் இரும்புப் பட்டையால். ஒவ்வொரு முறையும் அது மறுபடி வாய் திறந்தது. இப்போது பங்குப்பேரவை இடிக்கச் சொல்கிறது. அஸ்திவாரத்தைப் பலப்படுத்தினால் போதும், சுவர் நிற்கும் என்று அவள் மட்டும் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவள் ஞானஸ்நானம் பெற்ற கோயில் இது.

"விட்டுடும்மா. கட்டடம்தானே."

"எனக்கு விடத் தெரியாது ஃபாதர்."

இன்னொரு கண்ணாடியை ஒட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். சாயங்கால வெயில் சன்னலின் சிவப்பையும் நீலத்தையும் தரையில் இழுத்துக்கொண்டே போக, ஈரச் சுண்ணாம்பு வாடையும் அணைந்த மெழுகுவர்த்தியின் வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் படிய, சுவருக்குள்ளே எங்கோ எலி பிறாண்டுவதுபோல மெல்லிய உரசல் ஒன்று கேட்டது. மேலிருந்து கீழே இறங்கி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் நின்றது.

கண்ணாடியின் ஒரு முனை பெயர்ந்தது. சாய்ந்தது. உள்ளே போய்விட்டது.

"வெளிய வாம்மா!" பங்குத்தந்தை வாசலுக்கே போய்விட்டார்.

அவள் எழுந்து வெடிப்பின் அருகே போனாள். கோபம் வந்தது. "இப்ப நான் போனா நாளைக்கே இடிச்சிடுவாங்க," என்று கத்தினாள். டார்ச்சை வெடிப்புக்குள் அடித்தாள்.

விரல்கள்.

தரையிலிருந்து கூரைவரை, வெடிப்பின் இரு விளிம்புகளிலும், வரிசை வரிசையாக. சுண்ணாம்பு அப்பிய விரல்கள். நகம் தேய்ந்தவை. அவை சுவரைப் பிளக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்து இழுத்துப் பிடித்திருந்தன.

ஒரு கை நழுவியது.

சுவர் முனகியது. மேலே மணி தானாக ஒருமுறை அசைந்தது. காரை கொட்டியது.

"விழுது! ஓடும்மா!"

அவள் ஓடவில்லை. டார்ச்சைக் கீழே போட்டாள். காலியான இடத்தில் கையை நுழைத்தாள். விளிம்பைப் பற்றினாள்.

"விடாதீங்க," என்றாள் உள்ளே இருப்பவர்களிடம். "நானும் பிடிச்சிருக்கேன்."

முனகல் நின்றது. காரை நின்றது. சுவர் நின்றது.

அவள் மூச்சு விட்டாள். கையை இழுத்தாள்.

வரவில்லை.

இருட்டுக்குள் குளிர்ந்த விரல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அவள் விரல்கள்மேல் வந்து படிந்தன. சரியான இடம் பார்த்து, நன்றாக அழுத்திவைத்தன.